லோக்கல்ஹோஸ்டும் 127.0.0.1உம் ஒன்றேதான் என்பவர்களுக்கு

வெள்ளவத்தைக்காரன்:
போன கிழமை கொட்டாஞ்சேனைத் தம்பி இங்கே எழுதியது: "ஃபுரொண்ட்எண்டை உங்கள் லப்டொப்பில் ஓடவிட என்பிஎம் இன்ஸ்டால், என்பிஎம் ரன் டெவ், இரண்டு வரி போதும். லோக்கல்ஹோஸ்ட் போட்டாலும் 127.0.0.1 போட்டாலும் ஒன்றேதான்." ஃபுரொண்ட்எண்ட் என்பது தளத்தின் பிரவுசரில் ஓடும் பகுதி, என்பிஎம் அதற்கு வேண்டிய பொதிகளை இறக்கும் கருவி, லோக்கல்ஹோஸ்ட் உங்கள் மெஷினையே குறிக்கும் பெயர், 127.0.0.1 அதன் எண் முகவரி. இதை நம்பித்தான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் லொகின் ஏன் நிலைக்கவில்லை என்று பகல் முழுக்க மண்டையை உடைக்கிறார்கள். ஒன்று இல்லை. நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) 17ஆம் பதிப்பு வந்த 2021 ஒக்டோபரிலிருந்து ஒன்று இல்லை. அதற்கு முன் லோக்கல்ஹோஸ்ட் என்று கேட்டால் நோட் ஐபிவி4 முகவரியை (127.0.0.1) முன்னுக்கு வைத்துத் தரும். 17இலிருந்து சிஸ்டம் தரும் வரிசையை அப்படியே எடுக்கிறது, பல மெஷின்களில் முதலில் வருவது ::1, அதாவது அதே மெஷினின் ஐபிவி6 முகவரி. பேக்எண்டான (சேர்வர் பக்கமான) ஜாங்கோ காத்திருப்பது 127.0.0.1இன் 8000ஆம் போர்ட்டில் (வாசல் எண்ணில்), ஃபுரொண்ட்எண்டை ஓட்டும் வீட்டின் புரொக்சி, அதாவது கோரிக்கைகளைக் கடத்திவிடும் பகுதி, போய்த் தட்டுவது ::1இல். இணைப்பு மறுக்கப்பட்டது என்று சிவப்பில் வரும்.

கொட்டாஞ்சேனை:
அண்ணை, 2021ஐ விட்டு வெளியே வாருங்கள். நோட் 20 இரண்டு முகவரியையும் தானே மாறி மாறி முயற்சி செய்து பார்க்கும். புதிய நோட் போட்டவனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. என் மெஷினில் ஓடுகிறது.

வெள்ளவத்தைக்காரன்:
உங்கள் மெஷினில் ஓடுவது எனக்கு எதற்கு? சரி, புரொக்சியை விடுங்கள். புரொக்சி இல்லாமல் நேரே பேக்எண்டைக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர். பிரவுசரில் வீட் நிற்கும் 127.0.0.1:5173ஐத் திறந்துவிட்டு, ஏபிஐ (பேக்எண்டைக் கூப்பிடும் முகவரி) லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று வைத்தால், பிரவுசருக்கு அவை இரண்டு வேறு தளங்கள். லொகினை நினைவில் வைக்கும் ஜாங்கோவின் செஷன் குக்கி சாதாரணமாக சேம்சைட் லாக்ஸ் என்றே வரும், அதாவது வேறு தளத்திலிருந்து போகும் இப்படியான கோரிக்கையில் பிரவுசர் அதை எடுக்காது. லொகின் 200 (சரி) தரும், அடுத்த கோரிக்கை 403 (அனுமதி இல்லை). இதற்கு நோட் 20 என்ன செய்யும்? சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை:
கோர்ஸ் ஹெடர் (வேறு முகவரியில் திறந்த பக்கத்துக்குப் பதிலைக் காட்டலாம் என்று பேக்எண்ட் தரும் அனுமதி) போடத் தெரியாதவர்களின் பிரச்சினை அது. இரண்டும் ஒரே மெஷின்தானே, ஒரே லூப்பேக் (மெஷின் தன்னோடு தானே பேசும் வழி). அதைத்தான் சொன்னேன்.

மருதானை:
ஒன்று என்றால் எதில் ஒன்று? முகவரியிலா, பிரவுசர் பார்க்கும் தளத்திலா? முதலில் அதை இரண்டு பேரும் சொல்லுங்கள், பிறகு சண்டை பிடிக்கலாம்.

வெள்ளவத்தைக்காரன்:
கோர்ஸ் ஹெடர் போட்டாலும் அந்தக் குக்கி வராது தம்பி. கோர்ஸ் வேறு, சேம்சைட் வேறு. இரண்டு பக்கமும் லோக்கல்ஹோஸ்ட் என்றே போட்டால் போர்ட் வேறாக இருந்தாலும் ஒரே தளம், குக்கி போகும். ஒன்றில் லோக்கல்ஹோஸ்ட், மற்றதில் 127.0.0.1 என்றால் போகாது. ஒன்று இல்லை, ஒன்று இல்லை, ஒன்று இல்லை.

தெஹிவளை:
எனக்கு அந்த "இரண்டு வரி"தான் எரிச்சல். என்பிஎம் இன்ஸ்டால் என்று ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? லொக் ஃபைல் (எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் கோப்பு) இருக்கும்போது என்பிஎம் சிஐ போடுங்கள். அது நோட் மொடியூல்ஸை (இறக்கிய பொதிகள் உள்ள ஃபோல்டரை) அழித்துவிட்டு லொக் ஃபைலில் உள்ளதையே இறக்கும். எங்கள் டீமில் ஒருவர் இன்ஸ்டால் போட்டு மாறிப்போன லொக் ஃபைலைத் தன் வேலையோடு சேர்த்தே தள்ளுவார். இன்றைக்கும் செய்தார்.

கொட்டாஞ்சேனை:
ஒவ்வொரு தடவையும் முழுக்க அழித்து இறக்க எல்லோரிடமும் ஃபைபர் இல்லை. ஃபோன் டேட்டாவில் வேலை செய்கிறவனை நினையுங்கள். 2022இல் மார்ச் முடிவில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்தவன் நான்.

தெஹிவளை:
கொழும்பில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் இருட்டில் இருந்தீர்களா?

பம்பலப்பிட்டி அக்கா:
முகவரிச் சண்டையை ஒரு பக்கம் வையுங்கள். லோக்கலில் தமிழ் போட்டு டெஸ்ட் செய்கிறவர் யார்? மூன்று மொழித் தளம் என்று செய்கிறோம், ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். "பதிவிறக்கு" என்று வந்ததும் பட்டன் உடைகிறது. ஜேஎஸ்டொம் (உண்மைப் பிரவுசர் இல்லாமல் பக்கத்தைப் போலிசெய்யும் கருவி) டெஸ்ட் அதைப் பிடிக்காது, அது லேஅவுட்டைக் கணக்கிடுவதே இல்லை. பிரவுசரைத் தானாக ஓட்டி டெஸ்ட் செய்யும் பிளேரைட்டில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் டெஸ்ட் ஓடும் கண்டெய்னரில் (தனியாகப் பிரித்து வைத்த சூழலில்) தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக வரும், அதையே சரியான படம் என்று சேமித்து வைத்திருப்பார்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
அக்கா, பிளேரைட் என்றீர்கள், நல்லது, அதிலும் இதே கதைதான். வீட் லோக்கல்ஹோஸ்டில் எழும்பும், அது ::1ஆக இருக்கலாம். கொன்ஃபிக்கில் வெப்சேர்வர் முகவரியை 127.0.0.1:5173 என்று எழுதினால், பிளேரைட் 60 விநாடி காத்திருந்துவிட்டு சேர்வர் எழும்பவில்லை என்று நிறுத்தும். சேர்வர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்! ஒன்று என்று சொன்ன தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

பம்பலப்பிட்டி அக்கா:
நான் எழுத்துருவைப் பற்றிக் கேட்டேன்.

கொட்டாஞ்சேனை:
ஹோஸ்ட் என்ற ஒரு வரியை 0.0.0.0 (மெஷினின் எல்லா ஐபிவி4 முகவரிகளும்) என்று வைத்தால் முடிந்தது. ஃபோனிலும் திறக்கலாம்.

வெள்ளவத்தைக்காரன்:
ஃபோனில் 192.168 முகவரியில் திறந்தால் கமராவும் வேலை செய்யாது, சேர்விஸ் வேர்க்கரும் (பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்டும்) பதியாது. எச்டிடிபியில் பிரவுசர் நம்புவது லோக்கல்ஹோஸ்ட், 127 இல் தொடங்கும் முகவரிகள் போன்ற சொந்த மெஷின் முகவரிகளைத்தான், உங்கள் வீட்டு வைஃபை முகவரியை இல்லை. அதற்கு எச்டிடிபிஎஸ் வேண்டும். இரண்டு வரி என்றீர்களே, இப்போது எத்தனை வரி?

கொட்டாஞ்சேனை:
127ஐயும் லோக்கல்ஹோஸ்டையும் பிரவுசர் ஒரே மாதிரி நம்புகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்.

வெள்ளவத்தைக்காரன்:
நம்புவது வேறு, ஒரே தளமாக எடுப்பது வேறு! போன வருடம் புரொக்சி பற்றிய என் பதிவிலும் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள், மறக்கவில்லை.

மருதானை:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை:
என் ரீட்மீ (ஓடவிடும் குறிப்பு) அப்படியே இருக்கும். நோட் 20, இரண்டு வரி. ஓடுகிறது.

வெள்ளவத்தைக்காரன்:
127.0.0.1:5173ஐத் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் ஏபிஐயில் லொகின் செய்து, பிரவுசரின் டெவ்டூல்ஸில் குக்கி இருக்கும் படத்தை இங்கே போடுங்கள். அதுவரை ஒன்று இல்லை.