மறு: கிரிட் – வலையா, கட்டமா, கோலமா?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாள் மடல் பார்க்கவில்லை, இணையப் பக்கத்தில் பெட்டிகளைக் கிடையும் நெடுக்குமாக அடுக்க உதவும் 'கிரிட்'டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழை அதற்குள் இவ்வளவு நீண்டுவிட்டது. போன வாரம்தான் என் வேர்ட்பிரஸ் தளத்தின் முகப்பில் இடுகைகள் அடுக்கப்படும் விதத்தை மாற்றி எழுதினேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

> 'வலை' என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்தது.

தெரிந்ததுதான் சிக்கல். வலைத்தளம், வலைப்பூ, வலைப்பின்னல் என்று அந்தச் சொல்லை இணையம் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. 'வலைப்பூவின் வலையை மாற்றுவது எப்படி' என்று தலைப்பு வைத்தால் எந்த வலை என்று கேட்பார்கள்.

> 'கட்டம்' போதாதா? குறுக்கெழுத்துக்கும் ஜாதகத்துக்கும் அதுதானே?

அண்ணா, பேச்சுக்குப் போதும். கட்டம் போட்ட கைலி என்றால் மொத்த வடிவமும் கண்ணில் வருகிறது. ஆனால் 'ஏழாம் கட்டத்தில் சனி' என்னும்போது ஒரே ஓர் அறையைச் சொல்கிறோம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் முழு அமைப்புக்கு ஒரு பெயர், ஓர் அறைக்கு இன்னொரு பெயர். இரண்டுக்கும் கட்டம் என்று வைத்தால் 'கட்டத்தின் கட்டத்தில் இடுகையை வை' என்று எழுத வேண்டிவரும். அறைக்குக் கட்டம் இருக்கட்டும். முழு அமைப்புக்கு 'கட்டக்கோலம்' என்பது என் முன்மொழிவு. லேஅவுட்டுக்கு 'தளக்கோலம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதோடு உறவும் விட்டுப்போகாது. இன்னொரு பொருத்தமும் உண்டு. முன்பு, பெட்டியை ஓரமாக ஒதுக்கும் ஃபுளோட்டை வைத்து இடுகைப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு தலைப்பு மூன்று வரிக்கு நீண்டால் அடுத்த வரிசைப் பெட்டி அதில் முட்டி நின்றுவிடும், இடப்பக்கம் பொக்கை விழும். (தமிழ்த் தலைப்புகளில் இது தினப்படி நடக்கும்.) 2017 மார்ச்சில் குரோம், பயர்பாக்ஸ், சபாரி மூன்றிலும் கிரிட் வந்த பிறகு முறை மாறிவிட்டது. முதலில் கோடுகள், அப்புறம்தான் பெட்டிகள். புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடுகிற முறைதானே இது?

> நெடுக்கில் வருவதற்கு 'நிரல்' என்ற பாடப்புத்தகச் சொல் இருக்கிறதே?

அணிக் கணக்கில் நிரை, நிரல் என்று நானும் படித்தவன்தான். ஆனால் இங்கே நிரல் என்றால் புரோகிராம். 'இந்த நிரலில் மூன்று நிரல்கள்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'பத்தி' என்றால் பாராவோடு மோதும். கிடைவரிசை, நெடுவரிசை என்று வைத்துக்கொண்டால் இன்னொரு லாபமும் கிடைக்கிறது. கிடையோ நெடுக்கோ, இரண்டுக்கும் பொதுவாக 'டிராக்' என்று ஒரு சொல் கிரிட்டில் வரும். அதற்கு வெறும் 'வரிசை' போதும். மூன்று நெடுவரிசை இருந்தால் நான்கு கோடு, எண்ணிக்கை இடமிருந்து 1, 2, 3, 4. கடைசிக் கோட்டை -1 என்றும் கூப்பிடலாம். சிறப்பு இடுகையை முழு அகலத்துக்கு விரிக்க '1 / -1' என்று கொடுத்தால் முடிந்தது. கோட்டுக்குக் கோடு என்பதே போதும், அதில் புதுமை வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த இடம். பெட்டிகளுக்கு நடுவே விடும் 'கட்டர்', அதாவது கேப். அகராதியை மட்டும் நம்பினால் சாக்கடை என்று வரும்! ஒரு மடலில் 'வாய்க்கால்' பார்த்தேன். அதில் தண்ணீர் ஓட வேண்டும், இங்கே எதுவும் ஓடுவதில்லை. 'இடைவெளி' என்று வைக்கலாம்தான். ஆனால் மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடுவது), பேடிங் (உள்ளே விடுவது), எழுத்துக்கு நடுவே விடுவது, ஸ்பேஸ் விசை என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே உழைத்துக் களைத்துப்போயிருக்கிறது.

நான் சொல்வது 'வரப்பு'. கோடுகளுக்குத் தடிமன் வந்ததுபோல என்றுதான் கிரிட் விவரக்குறிப்பு கேப்பை விளக்குகிறது. அகலம் உள்ள எல்லைக்கோடு என்றால் வரப்பைத் தவிர வேறென்ன?

> வரப்பு வயலைச் சுற்றியும் இருக்குமே. கேப் உள்ளே மட்டும்தானே வரும்? தவிர, கோலத்தில் ஏது வரப்பு?

முதல் கேள்வி நியாயம். கேப் வரிசைகளுக்கு நடுவில் மட்டும்தான், வெளி ஓரத்தில் வராது. விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட வேண்டியதுதான். இரண்டாவதுக்கு: சாளரத்துக்குள் சுட்டியை ஓடவிட்டு இவ்வளவு வருடம் குடித்தனம் நடத்திவிட்டோம், கோலத்தில் ஒரு வரப்பு வந்தால் என்ன?

மிஞ்சும் அகலத்தைப் பிரித்துக்கொடுக்கும் 'எஃப்ஆர்' அலகுக்குப் 'பங்கு' என்றவருக்கு என் முழு ஓட்டு. சொல்லே கணக்கைச் சொல்லித்தந்துவிடுகிறது. 1200 பிக்சல் அகலத்தில் மூன்று நெடுவரிசை, வரப்பு 24 என்று வையுங்கள். ஆளுக்கு 33.33 சதவீதம் கொடுத்தால் 400 வீதம் 1200 தீர்ந்துவிடும், வரப்பு இரண்டுக்கும் 48 மேலே போய்ப் பக்கம் பிதுங்கும். பங்கு என்றால் செலவு போக மிஞ்சியதில்தான் பங்கு. 1200இல் 48 போக 1152, ஆளுக்கு 384.

> பங்கு சமம் என்றால் என் தளத்தில் ஒரு நெடுவரிசை மட்டும் ஏன் கொழுத்திருக்கிறது?

உங்கள் தலைப்புகளில் எங்கேயோ 'நடைமுறைப்படுத்தப்படவேண்டியவற்றுக்கான' போல ஒரு சொல் இருக்கும், தேடிப் பாருங்கள். உடைக்க முடியாத நீளச் சொல் வந்தால் பங்கு அதற்கு இடம் கொடுத்து விரியும், ஏனென்றால் வெறும் ஒரு பங்குக்குக் குறைந்த அளவு உள்ளடக்கத்தைப் பொறுத்தது. 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)', அதாவது குறைந்தது சுழி, அதிகம் போனால் ஒரு பங்கு என்று எழுதினால் நெடுவரிசைகள் சமமாகும். அந்தச் சொல் வெளியே துருத்தாமல் இருக்க 'ஓவர்ஃபுளோ-ராப்: எனிவேர்' என்பதையும் சேருங்கள்.

மிச்சம் இருப்பது, அகலத்தைப் பார்த்து எத்தனை நெடுவரிசை என்று தானே முடிவு செய்யும் ஆட்டோ-ஃபில், ஆட்டோ-ஃபிட். எனக்கும் சரியான சொல் அகப்படவில்லை. நான் போட்டது 'ரிப்பீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(300 பிக்சல், 1எஃப்ஆர்))'. 1200இல் மூன்று வரிசை, 768இல் இரண்டு, போனில் ஒன்று, தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் இரண்டே இடுகை உள்ள பகுப்பில் மூன்றாவது வரிசை காலியாக நிற்கும். ஆட்டோ-ஃபிட் என்றால் காலி வரிசை மடங்கி, இருக்கும் இரண்டும் அகலமாகிவிடும். பந்தியில் ஆள் வராத இடத்திலும் இலை போட்டு வைப்பது முன்னது. அந்த இலையை எடுத்துவிட்டு வந்தவர்களைத் தாராளமாக உட்காரச் சொல்வது பின்னது. 'இடம்விடு நிரப்பல்', 'இடம்விடா நிரப்பல்' வரை யோசித்தேன், நாக்கு புரளவில்லை. இலங்கை நண்பர்கள் யாராவது கைகொடுங்கள்.

அன்புடன்.

பி.கு.: மேலே உள்ள 300ஐ அப்படியே நகல் எடுத்தவர்கள் கவனிக்க. 320 பிக்சல் போனில் ஓரம் போக இடம் 288தான் என்றால் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 300 இருக்கும் இடத்தில் 'மின்(100%, 300 பிக்சல்)' என்று போடுங்கள், இரண்டில் சிறியதை அது எடுத்துக்கொள்ளும்.