மணிமேகலையின் அளவைகள் பற்றி எழுத எந்த ஆதாரத்தை நம்பலாம்?

தக்கலை_முதுகலை:
மணிமேகலையில வர்ற அளவைகளை, அதாவது சரியான அறிவைப் பெறுற வழிகளை, பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரோட மரபோட ஒப்பிட்டு கட்டுரை எழுதணும். கூகுள்ல தட்டினா வலைப்பூவும், யார் எழுதினதுன்னே தெரியாத பிடிஎஃபும்தான் வருது. எதை மேற்கோள் காட்டலாம்? காசு கட்டி ஆய்விதழ் வாங்க வசதியில்ல.

வேளிமலை:
முதல்ல மூலத்தைப் படிச்சிருங்க தம்பி. 27ஆம் காதையில அளவைவாதி பேசுறான்: அளவை வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. 29ல மணிமேகலையோட பௌத்த ஆசான் அறவண அடிகள் சொல்லுறது பௌத்தக் கணக்கு. பிரத்தியம் (நேரடிக் காட்சி), கருத்தளவு (அனுமானம்) ரெண்டே. "மணிமேகலை பத்து அளவைகளை ஏற்கிறது"ன்னு எழுதியிருக்க பக்கத்தை அங்கேயே மூடிரலாம். உங்க தலைப்புக்கு 29தான் உயிர்.

பழந்தமிழ் நூல்களை இணையத்தில தர்ற மதுரைத் திட்டத்தில மூலம் இலவசம். ஆனா தட்டச்சுப் பிழை இருக்கும், அதனால மேற்கோள் காட்டுற அடியை அச்சுப் பதிப்போட ஒத்துப் பாருங்க. உரைக்கு வேங்கடசாமி நாட்டார், ஔவை துரைசாமிப்பிள்ளை பதிப்பு. தத்துவம் வர்ற கடைசி நாலு காதைக்கும் உரை ஔவையோடது, அடிக்குறிப்புல பேரை மாத்திப் போட்டிராதீங்க.

பார்வதிபுரம்_அக்கா:
அடுத்தது ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம். 1995ல இருந்து நடக்குது, இலவசம், துறை அறிஞர்கள் எழுதி மதிப்பீட்டுக்குப் பிறகுதான் வெளிவரும். இந்திய அறிவாராய்ச்சி பற்றியும், திக்நாகர் மரபில வந்த தர்மகீர்த்தி பற்றியும் தனித்தனிக் கட்டுரை இருக்கு. ஆனா அதுக அப்பப்போ திருத்தப்படும். இன்னைக்குப் பாத்த வரி அடுத்த வருஷம் இல்லாம போலாம். அதனால காலாண்டுக்கு ஒருக்கா உறையவைக்கிற காப்பகப் பதிப்பைத்தான் காட்டணும். கட்டுரைப் பக்கத்திலேயே மேற்கோள் தகவல்னு ஒரு இணைப்பு இருக்கும். கட்டுரையை விட அதன் நூற்பட்டியல்தான் உங்களுக்குப் புதையல். அங்க கிடைக்குற தலைப்புகளை பில்பேப்பர்ஸ்ங்கிற தத்துவக் கட்டுரைப் பட்டியல் தளத்தில போட்டா, இலவசப் பிரதி இருந்தா காட்டும்.

ஜேஸ்டோர்ங்கிற ஆய்விதழ்க் காப்பகத்தில சும்மா கணக்கு தொடங்கினாலே மாசம் நூறு கட்டுரை திரையில வாசிக்கலாம், இறக்க முடியாது. அரசு உதவி பெறும் கல்லூரின்னா நூலகத்தில என்-லிஸ்ட் கடவுச்சொல் கேளுங்க, அது கல்லூரிகளுக்கு மின்னிதழும் மின்னூலும் தர்ற திட்டம். பல பிள்ளைகளுக்கு அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது.

வேளிமலை:
அக்கா சொன்னதோட ஒண்ணு: ஆங்கிலத்தில மணிமேகலைக்கு எழுத்துக்கூட்டல் பல. 'கே' எழுத்துக்குப் பிறகு ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் ரெண்டு தடவை தேடணும், இல்லேன்னா பாதி கட்டுரை கண்ணுல படாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேமிக்கிற சோத்கங்கா தளத்து ஆய்வேடுகள்ல தரம் ஏத்த இறக்கமா இருக்கும். பின்னாலுள்ள நூற்பட்டியலுக்கு மட்டும் பயன்படுத்துங்க. தமிழ் ஆய்வேடு பலதும் வருடிய படம், உள்ளே சொல்லைத் தேட முடியாது.

தக்கலை_முதுகலை:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. சாட்பாட் தர்ற நூற்பட்டியலை எடுக்கலாமா?

பார்வதிபுரம்_அக்கா:
அப்படியே எடுக்காதீங்க. ஆசிரியர் உண்மையா இருப்பார், இதழும் இருக்கும், கட்டுரை மட்டும் எழுதப்பட்டே இருக்காது. பக்க எண் வரைக்கும் கொடுக்கும். தலைப்பு பில்பேப்பர்ஸ்லயும் இல்ல, இதழோட அந்த வருஷப் பொருளடக்கத்திலயும் இல்லேன்னா அடிச்சிருங்க.