எஸ்3 சரிந்த நாளில் தவறியது விரலா, கருவியா?

சாளரம்

வேறொரு திரியில் கருந்திரை அவர்கள் நேற்று திருவாய் மலர்ந்தருளியதை அப்படியே தருகிறேன்: "கமாண்ட் லைன் யாரையும் ஏமாற்றுவதில்லை. அங்கே தவறு நடந்தால் அது தட்டியவரின் தவறு. ஆளை ஏமாற்றுவது கிராபிக்கல் திரைதான்." எழுத்தில் கட்டளை தட்டிக் கணினியை இயக்குவது கமாண்ட் லைன்; பட்டன், மெனு என்று காட்டி மவுசால் அழுத்தச் சொல்வது கிராபிக்கல் திரை. மவுசால் பிழை நேர்ந்தால் வடிவமைப்பின் குற்றம், கீபோர்டால் நேர்ந்தால் மனிதனின் குற்றம் என்று தராசை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு நீதி பேசுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

2017 பிப்ரவரி 28 அன்று பல இணையதளங்கள் தம் கோப்புகளைச் சேமித்துவைக்கும் அமேசானின் எஸ்3 சேவை வடக்கு வர்ஜீனியாவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கியதை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பில்லிங் மந்தமாக இருப்பதை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவின் ஊழியர் ஒருவர், சில சர்வர்களை மட்டும் நீக்குவதற்காக ஒரு கட்டளையை இட்டார். அதில் ஓர் உள்ளீடு தவறாகிவிட்டதால், எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுபோயின. இது வதந்தி அல்ல, அமேசானே வெளியிட்ட விளக்கம். "இத்தனை சர்வர்கள் நீக்கப்படவிருக்கின்றன, சம்மதமா?" என்று கேட்கும் ஒரு திரை அந்த இடத்தில் இருந்திருந்தால் இத்தனை இணையதளங்கள் படுத்திருக்குமா? கருந்திரை அவர்கள் பதில் சொல்லட்டும்.

கருந்திரை

சாளரம் அவர்கள் அந்த அறிக்கையில் தமக்கு வேண்டிய பத்தியோடு படிப்பை நிறுத்திக்கொண்டார் போலும். பின்பகுதியில், செய்த திருத்தங்களையும் அமேசான் சொல்லியிருக்கிறது. சர்வர்களை மெதுவாக நீக்கும்படி அந்தக் கருவி மாற்றப்பட்டது. எந்த உட்பிரிவும் தனக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காதபடி ஒரு காப்பும் சேர்க்கப்பட்டது. கட்டளையைக் கைவிட்டோம் என்றோ, அதன் இடத்தில் பட்டன் வைத்தோம் என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: அமேசான் அங்கே பட்டன் வைத்ததா, இல்லையா?

நான்கு மணி நேரம் ஆனதற்கும் அந்த ஓர் உள்ளீட்டின் மேல் முழுப் பழியைப் போட முடியாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இண்டெக்ஸ் உட்பிரிவை, சர்வர்கள் உள்ள பெரிய வட்டாரங்களில் பல ஆண்டுகளாக அவர்கள் முழுமையாக ரீஸ்டார்ட் செய்ததே இல்லை. இடைப்பட்ட காலத்தில் எஸ்3 பூதாகரமாக வளர்ந்திருந்ததால், மீண்டெழுவதற்கு எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

"சம்மதமா?" என்று கேட்கும் பெட்டியைப் பற்றி: அதைப் படித்துப் பார்த்துவிட்டு "ஆம்" என்பதை அழுத்துகிற ஒரு மனிதரை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

சாளரம்

கருவியைத்தான் திருத்தினார்கள், ஆளைத் திருத்தவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் தவறு கருவியினுடையது. "தட்டியவரின் தவறு" என்ற உங்கள் வாக்கு உங்கள் கையாலேயே விழுந்துவிட்டது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கவிடாமல் தடுப்பது என்ன? நல்ல கிராபிக்கல் திரையில் அழுத்தக் கூடாத பட்டனைச் சாம்பல் நிறமாக்கி வைப்பார்களே, அதே வேலைதான். எங்கள் பக்கத்துச் சரக்கைக் கடன் வாங்கி உங்கள் கடையில் விற்கிறீர்கள்.

கருந்திரை

பட்டன் வைத்ததா, இல்லையா? பதில் வரவில்லை.

சாம்பல் நிறப் பட்டனின் பெருமையைப் பேசுகிறவர்களுக்கு 2020 ஆகஸ்ட் 11-ஐ நினைவூட்டுகிறேன். ரெவ்லான் நிறுவனத்தின் கடன் தொடர்பாக, சிட்டிபேங்க் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளின் திரையில், அசல் தொகை வெளியே போகாமல் வங்கிக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் மூன்று பெட்டிகளில் டிக் செய்ய வேண்டும். அவர்கள் டிக் செய்ததோ ஒன்றை மட்டும். ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர, ஆறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது. அதில் 50 கோடி டாலர் அளவுக்குத் திருப்பித் தர மறுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டு, 2021-இல் கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 2022-இல்தான் மேல்முறையீட்டில் வங்கிக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. அந்த மூன்று பெட்டிகளும் கட்டளை தட்டும் டெர்மினலில் இருந்தனவா? இல்லை. பளபளவென்று திரையில்தான் இருந்தன.

சாளரம்

அது மோசமாக வடிவமைக்கப்பட்ட திரை. அதை வைத்துத் திரைகளையே குறை சொல்ல முடியாது.

ஆறாம்விரல்

கவனித்தீர்களா? மோசமான கட்டளை என்றால் கமாண்ட் லைனின் குற்றம். மோசமான திரை என்றால் திரையின் குற்றமில்லை. சாளரம் அவர்களும் கருந்திரை அவர்களும் ஒரே கடையில்தான் தராசு வாங்கியிருக்கிறார்கள்.

நானும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறேன். 2018 ஜனவரி 13, ஹவாய் மாநிலம், ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை. ஒரே மெனுவில் ஒத்திகையையும் நிஜத்தையும் அடுத்தடுத்து வைத்ததால் வந்த வினை.

டிபிஏ_மதுரை

ஆறாம்விரல் அவர்களே, அந்த மெனுக் கதை முதல் நாட்களில் வெளியானது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பின்னர் விசாரித்தபோது, அந்த ஊழியர் தவறான இடத்தில் கிளிக் செய்யவில்லை, ஒத்திகையை உண்மையான தாக்குதல் என்று நம்பியே எச்சரிக்கையை அனுப்பினார் என்று தெரியவந்தது. திருத்தச் செய்தி போக 38 நிமிடங்கள் ஆனது என்பது மட்டும் உண்மை. ஆகவே அந்தச் சீட்டு உங்கள் இருவருக்கும் உதவாது.

உதவக்கூடிய சீட்டு ஒன்று இருக்கிறது. 2017 ஜனவரி 31, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளம். இரவு நேரம், முதன்மை டேட்டாபேஸை இரண்டாம் சர்வரில் படியெடுக்கும் ரெப்ளிகேஷன் நின்றுபோயிருக்கிறது. இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் இருக்கும் டைரக்டரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஊழியர் கட்டளை இடுகிறார். அது ஓடியதோ முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. வைத்திருந்த பேக்கப் முறைகள் ஒவ்வொன்றும் கைவிட, ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகப் படியெடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

இங்கே உள்ளீட்டில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. கட்டளை நூற்றுக்கு நூறு சரி, நின்ற இடம்தான் தவறு. கறுப்புத் திரையில் எல்லா சர்வரும் ஒரே முகத்தோடு இருக்கும் என்பதைக் கருந்திரை அவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கருந்திரை

தம்பி, கட்டளை தட்டும் வரியின் தொடக்கத்தில் வரும் பிராம்ப்டில் சர்வரின் பெயர் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

டிபிஏ_மதுரை

நான் தம்பி அல்ல. உங்களுக்கு அக்கா முறை ஆகும் வயது எனக்கு. சென்ற ஆண்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திரியிலும் இதே "தம்பி"யைப் போட்டுத்தான் என் கேள்வியைத் தாண்டிப் போனீர்கள். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே கிடக்கிறது. பெயர் எழுதியிருந்தால் போதும் என்றால், சிட்டிபேங்க் திரையிலும் மூன்று பெட்டிகளுக்கும் பெயர் எழுதித்தான் இருந்தது. அங்கே படிக்காதவரை மன்னித்து வடிவமைப்பைத் திட்டினீர்கள். இங்கே வடிவமைப்பை மன்னித்துப் படிக்காதவரைத் திட்டுகிறீர்கள்.

கருந்திரை

அக்கா என்றே வைத்துக்கொள்வோம். முறை மாறினாலும் என் கேள்வி மாறவில்லை: அமேசான் பட்டன் வைத்ததா?

கமாண்ட் லைனின் அருமை விபத்துகளை எண்ணுவதில் இல்லை. அந்த எஸ்3 ஊழியர் செய்தது முன்பே எழுதிவைத்த வழிமுறையின்படி நடந்தது என்று அறிக்கையே சொல்கிறது. எழுதிவைக்கலாம், பிறருக்குக் காட்டலாம், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேமிக்கலாம், நாளை அதே வரியை அப்படியே ஓட்டலாம். கிராபிக்கல் திரையில் நீங்கள் செய்ததை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமானால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் மேல் சிவப்பு அம்புக்குறி வரைந்து, "இதை அழுத்தவும், பிறகு இதை அழுத்தவும்" என்று சுவரொட்டி தயாரிக்க வேண்டியிருக்கும். அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறிவிட்டால் சுவரொட்டியும் குப்பைக்குப் போகும்.

1986-இல், ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணித் தரும்படி கணினி அறிஞர் டொனால்ட் நூத்திடம் கேட்டபோது அவர் பாஸ்கல் மொழியில் பல பக்கங்களுக்கு நிரல் எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய யூனிக்ஸ் முன்னோடி டக் மெக்கில்ராய், ஆறு யூனிக்ஸ் கட்டளைகளை, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் பைப்பால் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். இந்தக் கோக்கும் வித்தையை எந்தத் திரையிலாவது செய்துகாட்டுங்கள்.

புதுவரவு

பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு டெர்மினலில் கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\205 என்று எண்களாகக் கொட்டுகிறது. விஎஸ் கோட் எடிட்டரில் அதே கோப்பு அழகாகத் தமிழிலேயே தெரிகிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

சாளரம்

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அந்த மூன்று எண்களும் சேர்ந்தால் "அ" என்ற ஒரே எழுத்து. யாரையும் ஏமாற்றாத கமாண்ட் லைன் உங்கள் தாய்மொழியை இப்படித்தான் காட்டும் என்று கருந்திரை அவர்கள் விளக்குவார்.

கருந்திரை

கிட் கான்ஃபிகில் கோர்.க்வோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒரே வரி. முடிந்தது.

சாளரம்

அந்த ஒரே வரி இருக்கிறது என்பதை எந்த மெனுவில் போய்ப் பார்ப்பது? மெனு இருந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம். மெனு இல்லாத இடத்தில் உங்களைப் போன்ற ஒருவரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தயவை வழங்கும் சுகத்துக்காகத்தான் இந்தக் கட்சியில் இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது என் நெடுநாள் ஐயம்.

மெக்கில்ராயின் ஆறு கட்டளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் முதலில் நிற்கும் டிஆர் என்ற எழுத்து மாற்றும் கட்டளை, ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் புது வரியாக மாற்றிவிடும். ஒரு தமிழ்க் கட்டுரையை அதில் ஊட்டிப் பாருங்கள். கட்டுரை முழுவதும் ஆவியாகிவிடும். சரி, தமிழ் எழுத்துகளைக் கொடுத்துப் பார்க்கலாமே என்றால், லினக்ஸில் கிடைக்கும் டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது; மேலே பார்த்தபடி "அ" என்ற ஓர் எழுத்தே மூன்று பைட். நூத்தை வென்ற வித்தை நமக்கு ஒரு சொல்லைக்கூட எண்ணித் தராது.

கருந்திரை

டிஆர் போதவில்லை என்றால் பெர்ல் மொழி இருக்கிறது. கருவியை மாற்றிக் கோக்கலாம் என்பதுதானே பைப்பின் தத்துவம்? இதைக் குறை என்று சொல்பவர் தத்துவத்தையே புரிந்துகொள்ளவில்லை. அதுமட்டுமல்ல, நூத்து, மெக்கில்ராய் பேச்செல்லாம் கிளைக்கதை. கேட்ட கேள்வியிலிருந்து தப்பிப்பதற்குத்தான் சாளரம் அவர்கள் கிளைக்குக் கிளை தாவுகிறார்.

எஸ்3 அன்று திரையின் லட்சணம் என்னவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேவைகளின் நலத்தைக் காட்டும் டாஷ்போர்டின் நிர்வாகப் பகுதியே எஸ்3-ஐ நம்பித்தான் இயங்கியது. அதனால் காலை 9:37-க்குத் தொடங்கிய முடக்கத்தை, 11:37 வரை அந்த டாஷ்போர்டில் சேவைவாரியாக அவர்களால் மாற்றிக் காட்டவே முடியவில்லை. இரண்டு மணி நேரம் உங்கள் அழகிய திரை உலகத்துக்கு உண்மையைச் சொல்ல முடியாமல் நின்றது. இதற்குப் பெயர் ஏமாற்றுதல் இல்லையா?

ஆறாம்விரல்

அந்த இரண்டு மணி நேரமும் ட்விட்டரில் நிலவரத்தைச் சொன்னார்கள். அதை எத்தனை பேர் டெர்மினலில் படித்தார்கள் என்று கருந்திரை அவர்கள் கணக்குத் தருவாரா?

கருந்திரை

விதண்டாவாதத்துக்குப் பதில் சொல்வதில்லை. பட்டன் வைத்ததா, இல்லையா?

டிபிஏ_மதுரை

வைக்கவில்லை. வைத்ததாக அறிக்கையில் இல்லை. அதனால் என்ன? கருவியில் குறை இருந்தது என்று ஏற்றுக்கொண்டு அதற்குக் காப்பு போட்டார்கள் என்பதைத்தான் மூவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "தட்டியவரின் தவறு" என்ற வரியை மட்டும் நீங்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

கருந்திரை

வைக்கவில்லை என்று ஒருவராவது உரக்கச் சொன்னதற்கு நன்றி. சாளரம் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். திரும்பப் பெறுவதற்கு நான் எதையும் தவறாகச் சொல்லவில்லை. அந்த உள்ளீட்டை எந்த நிரலும் தானாகத் தட்டவில்லை.

சாளரம்

சிட்டிபேங்கின் பெட்டிகளையும் எந்த நிரலும் தானாக டிக் செய்யாமல் விடவில்லை.

கிட்லேப் விஷயத்தை அரைகுறையாக விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அவர்கள் எழுதிவைத்த சீர்திருத்தங்களில் ஒன்று, எந்த சர்வரில் நிற்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரியும்படி எல்லா இடத்திலும் பிராம்ப்டை மாற்றுவது. அதற்கு எங்கும் கையாளும் வழி, முதன்மை சர்வருக்குச் சிவப்பு, சோதனை சர்வருக்குப் பச்சை என்று நிறம் பூசுவதுதான். நிறத்தைப் பார்த்து நிலைமையை அறிவது கிராபிக்கல் சிந்தனை அல்லாமல் வேறென்ன? கடைசியில் கமாண்ட் லைனையும் காப்பாற்ற எங்கள் வண்ணம்தான் தேவைப்படுகிறது.

கருந்திரை

டெர்மினலில் நிறம் என்பது எஸ்கேப், சதுர அடைப்பு, 31, எம் என்ற நான்கு துண்டுகள் சேர்ந்த எழுத்துத் தொடர். அதைக் கையால் தட்டித்தான் பிராம்ப்டில் வைக்கிறோம். வண்ணப் பெட்டியைத் திறந்து மவுசால் தொட்டு எடுப்பதில்லை. எழுத்தால் எழுதியது கமாண்ட் லைன். இதைக் கிராபிக்கல் என்று அழைப்பவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

ஆறாம்விரல்

31 எழுத்தின் நிறத்தை மட்டும்தான் சிவப்பாக்கும். பின்புலத்தையே சிவப்பாக்க வேண்டும் என்றால் 41. நள்ளிரவில் கண் சொருகும் நேரத்துக்கு 31 போதாது.

கருந்திரை

எனக்கு 31 போதும். போதாதவர்கள் மவுசைப் பிடித்துக்கொள்ளலாம்.

டிபிஏ_மதுரை

போஸ்ட்கிரெஸ் திரியில் என் கேள்வி இன்னும் காத்திருக்கிறது.