சூளூர்பேட்டை ரயிலில் ஒரு பிஎஸ்எல்வி

காகிதத்தில் மாடல் செய்யும் கதையை எல்லோரும் சொல்கிறீர்கள், என் ராக்கெட் கதையை நானும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது தடாவில். ஆந்திராதான், ஆனால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தமிழ். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடி ஏறினால் போதும். இப்படி ஓர் ஊரில் உட்கார்ந்து காகிதத்தில் ராக்கெட் செய்தாலும் ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "பாப்பாவுக்கு ஸ்கூல் பிராஜெக்டா?" எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை!

இதில் நான் முதலில் பழக்கியது ஜெராக்ஸ் கடை அண்ணனைத்தான். பிரின்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கிவிடும், ஒரு பக்கம் இங்கேயும் இன்னொரு பக்கம் வேறு கடையிலும் எடுத்தால் குழாயும் வளையமும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. இங்க்ஜெட்டும் வேண்டாம், ஃபெவிகால் ஈரம் பட்டதும் நிறம் இழுவிக்கொள்ளும். இப்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் "நூறு பர்சென்ட், லேசர், திக் பேப்பர், அவ்வளவுதானே தம்பி" என்கிறார்.

சரி, ரயில் கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு நண்பனுக்குக் காட்ட, இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் எக்ஸ்எல் வகையின் காகித மாடலை எடுத்துப் போயிருந்தேன். 1:100 அளவு, அதாவது நிஜத்தில் 44.4 மீட்டர் என்பதால் என்னுடையது 44 சென்டிமீட்டர் சொச்சம். மூடி கண்ணாடி மாதிரி தெரியும் புடவைப் பெட்டியில் படுக்க வைத்திருந்தேன். திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த பெரியவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "இதி பிஎஸ்எல்வி கதா?" (இது பிஎஸ்எல்விதானே?) என்று தெலுங்கில் கேட்டார், நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

பெட்டியைத் திறக்கச் சொல்லி, தொடாமல், விரலை மட்டும் காட்டி எண்ணினார். கிளம்பும்போது கூடுதலாகத் தள்ளிவிடும் பக்கத்து பூஸ்டர் ஆறு. "நாலு தரையிலேயே பத்திக்கும், ரெண்டு மேல போனப்புறம்தான்" என்றார். அது எனக்கும் தெரியும். அப்புறம் பூஸ்டர்களுக்கு நடுவே நான் ஒட்டியிருந்த இரண்டு மெல்லிய குழாய்களில் விரல் நின்றது. "இதை எல்லாரும் விட்டுடுவாங்கப்பா, நீ வெச்சிருக்கியே, இது எதுக்குன்னு தெரியுமா?" படத்தில் இருந்தது, வைத்தேன், அவ்வளவுதான் என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: முதல் கட்டம் திட எரிபொருள், அதன் நாசிலை, அதாவது நெருப்பு வெளியேறும் வாயை, திருப்ப முடியாது. அதனால் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலை அந்த இரண்டு தொட்டியில் நிரப்பி, நாசிலின் உள்ளே ஒரு பக்கமாகப் பீய்ச்சுவார்கள், வெளியேறும் நெருப்பு மறுபக்கம் சாயும், ராக்கெட்டின் மூக்கு திரும்பும்.

நான் அந்தக் குழாய்களைப் பழைய பேனா ரீஃபில் மேல் காகிதம் சுற்றித்தான் செய்திருந்தேன். ஸ்ரீஹரிகோட்டாவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு "இருந்தேன்ப்பா" என்பதோடு சரி. சூளூர்பேட்டை வரை போவதாகச் சொன்னார், நான் தடாவில் இறங்கிவிட்டேன். நம்பர் வாங்கியிருக்கலாம்தான்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். பெரிய குழாயை உருட்டும் முன் காகிதத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சொன்னபடி வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சொன்னபடி வளையும் பக்கமாக உருட்டினால்தான் மடிப்பு விழாது. எங்களுக்குப் புலிகாட் ஏரிக் காற்று வேறு, மழைக்காலத்தில் காகிதம் நமத்துப்போகும். முடித்த மாடலுக்கு நான் கிளியர் லாக்கர் ஸ்ப்ரே அடித்துவிடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது சந்திரயான்-3ஐ 2023 ஜூலையில் தூக்கிப்போன எல்விஎம்3 ராக்கெட். உயரம் 43.5 மீட்டர், பிஎஸ்எல்வியை விடக் கொஞ்சம் குட்டை, ஆனால் எடையில் இரண்டு மடங்கு, 640 டன். இதை வாயால் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதே 1:100 அளவில் நடுக்குழாய் 4 சென்டிமீட்டர் அகலம், பக்கத்தில் இரண்டும் 3.2 என்று மேஜையில் நிறுத்தியதும் எதிர்வீட்டு அக்காவே "ஐயோ, இது தடியன்" என்றார். தலைப்பகுதிதான் பாக்கி. அது நேர்க்கூம்பு இல்லை, வளைந்து போகிறது, இதழ் இதழாக வெட்டி ஒட்ட வேண்டும். எத்தனை இதழ் வைத்தால் விளிம்பு தெரியாது என்று செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.