செகிரோவுக்கு ஈசி மோட் வேண்டுமா, வேண்டாமா?

வேழன்:
என் நண்பர் ஒருவர் செகிரோ என்ற வாள்சண்டை வீடியோ கேமைப் பாதியிலேயே விட்டுவிட்டார். அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியிடம் மூன்று வாரம் தோற்ற பிறகு, "ஈசி மோட் இருந்திருந்தால் கதையையாவது பார்த்திருப்பேன்" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2019இல் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை தி கேம் அவார்ட்ஸில் வாங்கிய கேம் இது. அதன் உயிரே அந்தச் சண்டைகளில்தான் இருக்கிறது. கெனிச்சிரோ வரும்வரை ஒளிந்தும் ஓடியும் பின்னால் போய்க் குத்தியும் சமாளித்திருப்போம். அவன் அதற்கு இடம் கொடுக்க மாட்டான். எதிரே நின்று, வாளோடு வாள் மோதி, ஒவ்வொரு வீச்சையும் டிஃப்ளெக்ட் செய்து, அதாவது சரியான நொடியில் வாளால் தட்டித் தடுத்து, அவனை நிலைகுலைய வைக்க வேண்டும். அவன் அடியைப் பாதியாகக் குறைத்துவிட்டால் இதைக் கற்காமலே தாண்டிவிடுவோம். அதன்பின் வரும் எந்தச் சண்டையும் நமக்குப் புரியாது.

நிலாச்சோறு:
கெனிச்சிரோ பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் செகிரோவில் கடினத்தை மாற்றவே வழியில்லை என்று பலர் நினைப்பது தவறு. சென்போ கோயில் பக்கம் ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் எதிரிகள் பலமாகிவிடுவார்கள். ஒருமுறை முடித்துவிட்டு ஆடும் இரண்டாம் சுற்றில், நாம் காக்கும் சிறுவன் குரோவின் தாயத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால், சரியான நொடியில் தடுக்காவிட்டால் தடுத்த அடியும் கொஞ்சம் உயிரைத் தின்னும். ஆக, ஒரே கேமைப் பல கடினத்தில் ஆடலாம் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருகு ஏன் மேல்நோக்கி மட்டும் திரும்ப வேண்டும்? கீழே திரும்பினால் என்ன கெட்டுவிடும்?

வேழன்:
மணியை அடிப்பவர் தெம்போடு இருக்கும்போது அடிக்கிறார். ஈசி மோடை அழுத்துபவர் தோற்று நொந்த நேரத்தில் அழுத்துகிறார். பட்டாம்பூச்சிச் சீமாட்டி என்ற இன்னொரு பெரிய எதிரியிடம் இரண்டு மாலை முழுக்கத் தோற்றேன். அப்போது அந்த பட்டன் இருந்திருந்தால் கண்டிப்பாக அழுத்தியிருப்பேன். மூன்றாம் நாள் அவளுடைய அடிகளின் தாளம் பிடிபட்டது. அந்த மாலையை இன்றும் மறக்கவில்லை. பட்டன் இருந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

நிலாச்சோறு:
உங்களுக்கு மூன்றாம் நாள் பிடிபட்டது. மூன்று வாரமாகியும் பிடிபடாத உங்கள் நண்பருக்கு என்ன கிடைத்தது?

உதவி என்றால் சண்டையே இல்லாமல் போவது என்று ஏன் நினைக்க வேண்டும்? ஹேடீஸ் என்ற கேமில் காட் மோட் என்ற உதவியைப் போட்டால் முதலில் 20 சதவீதம்தான் அடி குறையும். சாகச் சாக 2 சதவீதம் கூடும், 80இல் நின்றுவிடும். செத்துச் செத்துக் கற்பது அப்படியே இருக்கிறது, சுவரின் உயரம்தான் மெல்ல இறங்குகிறது. 2018இல் வந்த, மலையேறும் கேமான செலெஸ்ட் இன்னும் நுட்பமாகச் செய்தது. கேமின் வேகத்தை மட்டும் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். மலை அதேதான், முட்களும் அதே இடத்தில்தான்.

செகிரோ வந்த புதிதில், கடைசிப் பெரிய எதிரியை, கணினியில் மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் எழுதும் நிரல்) போட்டு வேகத்தைக் குறைத்து வென்றதாக ஒரு பத்திரிகையாளர் எழுதினார். அவரை எப்படித் திட்டினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆன்லைன் போட்டியே இல்லாத கேம் அது. அவர் வென்றதால் யாருடைய வெற்றி குறைந்தது?

பட்டறைக்காரன்:
இரண்டு பேரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தையும் சொல்கிறேன். லேத்தில் வேலை செய்தபோது இடது கையில் ஆள்காட்டி விரல் போனது, நடுவிரலில் பாதி போனது. செகிரோவில் டிஃப்ளெக்ட், கன்ட்ரோலரின் இடது மேல் பட்டனான எல்-1இல் இருக்கிறது. அதை மோதிர விரலால்தான் அழுத்துகிறேன். படபடவென்று தட்டி ஒப்பேற்றவும் முடியாது, அப்படித் தட்டினால் டிஃப்ளெக்டுக்கான நேரம் சுருங்கிவிடும்.

வேழன் தம்பி, அந்தத் தாளம் எனக்கும் தெரியும். எதிரி பெரிய அடி அடிக்கும் முன் சிவப்பில் ஒரு ஜப்பானிய எழுத்து மின்னுமே, அது குத்தா, காலுக்கு வீசும் வெட்டா, பிடியா என்று எழுத்து சொல்லாது. அவன் உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டுபிடித்துவிடுகிறேன். விரல்தான் பிந்துகிறது. எனக்கு அவன் அடி குறைய வேண்டாம், அவன் உயிரும் குறைய வேண்டாம். ஒரு பத்து சதவீதம் மெதுவாக வந்தால் போதும். அதற்கு மேல் அவன் என்னை எத்தனை முறை கொன்றாலும் சரி.

ஈசி மோட் கேட்பவர் என்று என்னையும் அதே கூட்டத்தில் சேர்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கடினமான கேம்தான்.

வேழன்:
அண்ணா, நான் இதை அடி, உயிர் என்ற கணக்கிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். வேகத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் கெனிச்சிரோ சொல்லித் தருவது குறையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் 2020இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட அக்சஸிபிலிட்டி வசதிகள், அதாவது உடல் சிரமம் உள்ளவர்களும் ஆடுவதற்கான வசதிகள், வைத்தார்கள். பார்வையற்றவர்கள் அதை முழுவதும் ஆடி முடித்திருக்கிறார்கள். எனவே செய்ய முடியாதது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் முதல் திரையிலேயே "எளிது, நடுத்தரம், கடினம்" என்று கேட்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். வேகம் அக்சஸிபிலிட்டி பக்கத்தில் இருக்கட்டும், தேவைப்படுபவர்கள் அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும்.

நிலாச்சோறு:
யாருக்குத் தேவை என்று யார் தீர்மானிப்பது? அண்ணனுக்கு விரல் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். உங்கள் நண்பருக்கு என்ன சிரமம் என்று நீங்கள் கேட்டீர்களா? வயதானவர், கை நடுங்குபவர், இரவு வேலை முடித்து ஒரு மணி நேரம் ஆடுபவர் என யாரும் கேமிடம் சான்றிதழ் காட்ட முடியாது. அந்தப் பக்கம் எல்லோருக்கும் திறந்துதான் இருக்க வேண்டும். திறந்திருக்கும் என்றால் அதை எங்கே வைத்தாலும் நீங்கள் பயப்படுகிற பட்டன்தான் அது. அதோடு வாழப் பழக வேண்டும்.

வேழன்:
நண்பரிடம் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். பட்டன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

பட்டறைக்காரன்:
நிலா, அந்த வேகம் குறைக்கும் மோட் எங்கே கிடைக்கும் என்று சொல்லம்மா. தங்கை வீட்டில் கணினி இருக்கிறது, ஞாயிறு அங்கே போய் 90இல் வைத்துப் பார்க்கிறேன்.

வேழன்:
அண்ணா, கெனிச்சிரோ கடைசியில் மின்னலை வீசுவான். தரையில் நிற்காதீர்கள். குதியுங்கள், அந்தரத்திலேயே மின்னலை வாங்குங்கள், கால் தரையில் படும் முன் வாள் வீசும் ஆர்-1 பட்டனை அழுத்துங்கள். அது அவன் மேலேயே திரும்பிப் போகும். அதற்கு வலது கை போதும்.