ஹூஸ்டனில் வீடு வாங்க பழைய வெள்ளக் காப்பீட்டு கிளெய்ம்களை நம்பலாமா?

புதுக்குடித்தனம்:
மேயர்லேண்டில் ஒன்று, கேட்டி பக்கம் சின்கோ ரேஞ்சில் ஒன்று என இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். அமெரிக்கக் கூட்டரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பழைய கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) விவரங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அதை வைத்து முடிவெடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக. 1970-களிலிருந்து ஆண்டு, அஞ்சல் குறியீடு, கொடுத்த தொகை எல்லாம் இருக்கின்றன. எங்கே வெள்ள ஆபத்து என்று கூட்டரசு குறிக்கும் வெள்ள வரைபடம் வெறும் கணிப்பு, இது நடந்தது. 2017 ஹார்வி புயலில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டத்தில்) வெள்ளம் புகுந்த சுமார் 1,54,000 வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, வரைபடம் குறித்த நூறாண்டு வெள்ளப் பகுதிக்கு (எந்த ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள இடம்) வெளியே இருந்தன. மேயர்லேண்டிலோ 2015, 2016, 2017 என்று தொடர்ந்து தண்ணீர். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஈரச்சுவர்:
அதே 1,54,000 வீடுகளில் ஏறத்தாழ 64 விழுக்காட்டுக்கு வெள்ளக் காப்பீடே இல்லை ஐயா. பாலிசி இல்லாத வீடு உங்கள் பட்டியலில் நனையவே இல்லை. வரைபடத்தின் ஆபத்துப் பகுதியில், கூட்டரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன் வாங்கியவருக்குத்தான் பாலிசி கட்டாயம். நீங்கள் குறைசொல்லும் வரைபடம்தான் உங்கள் பட்டியலில் யார் இடம்பெறுவார் என்பதையே பெருமளவு தீர்மானிக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதனால்தான் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவதில்லை. பாலிசி விவரங்களும் வெளியாகின்றன. ஆயிரம் பாலிசிக்கு எத்தனை கிளெய்ம் என்று வகுத்துப் பாருங்கள்.

ஈரச்சுவர்:
வகுத்தாலும் சின்கோ ரேஞ்ச் தப்பிவிடும். அதன் ஒரு பகுதி பார்க்கர் அணையின் பின்புறம், அதாவது நீர் தேங்கும் பக்கம் இருக்கிறது. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, நகரைக் காக்க 1940-களில் எழுப்பிய மண்ணணை அது. நீர் நிரம்பினால் பரவக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. விட்ட நிலத்தில் பின்னாளில் வீடுகள் வந்தன. ஹார்விக்கு முன்பு தேக்க நீர் அவற்றுக்குள் ஏறியதில்லை. 2016-இல் நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், மேயர்லேண்டை விட்டு அங்கே போகச் சொல்லியிருப்பீர்கள். அந்த மனைகளின் பதிவு வரைபடங்கள் சிலவற்றில், தேக்க நீர் சூழலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கு இதில்தான் ஆத்திரம்.

கணக்குப்பிள்ளை:
வெள்ள வரைபடமும் அவர்களை எச்சரிக்கவில்லையே! அணைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அணையின் எல்லையைப் பார்க்க வேண்டும், சரி. ஓடை பொங்கும் பகுதிகளுக்கு கிளெய்ம் கணக்கை விட்டால் வேறு எதைப் பார்ப்பது?

ஈரச்சுவர்:
அங்கும் ஓடை மாறுகிறது. மேயர்லேண்டை ஒட்டிய பிரேஸ் பேயூ என்ற ஓடையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பல வீடுகளை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். 2015-இன் கிளெய்ம் இன்றைய வீட்டைப் பற்றி எவ்வளவு சொல்லும்?

புதுக்குடித்தனம்:
அப்படியானால் நான் யாரைக் கேட்பது?

ஈரச்சுவர்:
விற்பவரைக் கேளுங்கள். முன்பு வெள்ளம் புகுந்ததா, வீடு நீர்த்தேக்கப் பகுதியில் இருக்கிறதா என்று எழுதித்தர வேண்டும்; டெக்சஸில் 2019 முதல் சட்டம். தன் வீட்டின் கிளெய்ம் வரலாற்றை உரிமையாளர் கூட்டரசிடம் கேட்டு வாங்க முடியும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தாளும் கிளெய்ம் விவரம்தான், நண்பரே. ஒரு வீட்டுக்கு நம்புவதை ஊருக்கு ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?