தெருவுக்கு ஒரு ஆள் போதுமாம். மாடிக்கு ஏறினாரா?

மாடிக்குடித்தனம்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. சென்னை வேளச்சேரியில் தன் தெருவுக்குத் தானே முன்வந்து தொடர்பு ஆளாக இருக்கிறாராம். 64 வீட்டுக் கதவையும் தட்டி நம்பர் வாங்கி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். தெருவுக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் கவுன்சிலரைத் தேடி அலையவே வேண்டாமாம். ஐயா, நானும் அதே தெருதான். மூன்றாவது மாடி, ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். என் கதவை யாரும் தட்டவில்லை. 64 என்பது கேட் கணக்கு, வீட்டுக் கணக்கு இல்லை.

தெருத்தொண்டன்:
எழுதியவன் நான்தான். அதே தெருவா, சந்தோஷம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனவன் நான். மறுநாள் படகு வந்தபோது எந்த வீட்டில் டயாலிசிஸ்காரர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். நோட்டு இன்னும் இருக்கிறது, பாதி மை கரைந்துவிட்டது. இதற்குச் சம்பளமா வாங்குகிறேன்? அப்போது மாடியில் நின்று வீடியோ எடுத்தவர்கள் இப்போது கணக்குக் கேட்கிறார்கள்.

மாடிக்குடித்தனம்:
பால் வந்தது, நானும் பார்த்தேன். நாங்கள் கயிறு கட்டி வாளியை இறக்கிக் காத்திருந்தோம், அது காலியாகவே மேலே வந்தது. சரி, அதை விடுங்கள். கேட்டது ஒரே கேள்வி. மாடிக்கு ஏறினீர்களா?

ரிட்டயர்டு இன்ஜினியர்:
இரண்டு பேரும் தொடர்பு ஆள் என்றால் யார் என்றே சொல்லாமல் சண்டை போடுகிறீர்கள். 2022-இலேயே வார்டு மக்கள் குறை சொல்ல வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பகுதி சபைக் கூட்டமும் நடந்தது. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். தானாக முளைத்தவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. இன்னொன்று, சாக்கடை பொங்கினால் 1913-க்கு அடியுங்கள் என்று தொண்டன் சார் ஊருக்கே சொல்கிறார். 1913 மாநகராட்சி. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் அவர்கள் வேலை. கழிவுநீர் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியம்.

தெருத்தொண்டன்:
தெருவில் தண்ணீர் ஏறும்போது மழைநீரா கழிவுநீரா என்று மோந்து பார்த்துவிட்டா போன் செய்வது?

ரிட்டயர்டு இன்ஜினியர்:
மோந்து பார்க்கவே வேண்டாம் சார், தெரு முனையிலேயே தெரியும்.

கோலமாவு:
நான் எதிர்வரிசை வீடு. சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் லாரி வந்த அன்று மேன்ஹோல் மூடி மேல் நின்றது யாருடைய கார் என்று தொண்டன் சாரே சொல்லட்டும். சாவி தேடியே முக்கால் மணி நேரம் போயிற்று.

தெருத்தொண்டன்:
அது என் கார் இல்லை, மாப்பிள்ளை கார். இங்கே அந்தப் பேச்சு எதற்கு? உங்கள் வீட்டு மோட்டார் வழிந்து தெரு நனைவதை நான் என்றாவது எழுதினேனா? அப்புறம், மாடிக்குடித்தனம் அவர்களே, சிசிடிவி கேமராவுக்கு வீட்டுக்கு 500 ரூபாய் கேட்டபோது “நான் வாடகைக்காரன், ஓனரைக் கேளுங்கள்” என்று சொன்னது யார்? தெரு மேல் அக்கறை இருந்தால் அன்றைக்குக் காட்டியிருக்கலாமே.

மாடிக்குடித்தனம்:
ஆஹா. 500 ரூபாய் கேட்க மட்டும் மாடிப்படி தெரிந்ததா?

தெருத்தொண்டன்:
நான் வரவில்லை. பேப்பர் போடும் பையனை அனுப்பினேன்.

மாடிக்குடித்தனம்:
அதைத்தானே இத்தனை நேரமாகச் சொல்கிறேன்! நீங்கள் ஏறவில்லை.

கொரோனா வாலண்டியர்:
2020-இல் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்க மாநகராட்சி தன்னார்வலர்களை வைத்திருந்தது, நானும் போனேன். மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் அறை வரைக்கும் ஏறினோம். அங்கேதான் குடித்தனமே நிறைய.

தெருத்தொண்டன்:
உங்களுக்கு வயது இருபத்தைந்து தம்பி, எனக்கு அறுபத்து மூன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கிறது. கீழே நின்று காலிங் பெல் அடித்தேன், வராதவர்கள் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் போன் வந்தாலும் எடுக்கிறேன், நாய் கடித்தாலும் எனக்குத்தான், விளக்கு எரியாவிட்டாலும் எனக்குத்தான், போஸ்ட் நம்பரைக் குறித்துப் புகார் கொடுப்பதும் நான்தான். பிடிக்காதவர்கள் நோட்டை வாங்கிக்கொள்ளட்டும். யார் வருகிறீர்கள்? ஒருத்தரும் வர மாட்டீர்கள்.

மாடிக்குடித்தனம்:
எங்கள் மாடிக்குக் காலிங் பெல்லே கிடையாது. எதை அடித்தீர்கள்?

தெருத்தொண்டன்:
அதை உங்கள் ஓனரிடம் கேளுங்கள்.

கோலமாவு:
மாப்பிள்ளை கார் இப்போதும் அந்த மூடி மேல்தான் நிற்கிறது. சும்மா சொன்னேன்.